அயர்ன் சைட்டில் மான் வேட்டை: உங்கள் தூரம் எத்தனை யார்டு?

பென்சில்வேனியாவில் ரைஃபிளால் மான் வேட்டையாடும் பருவம், 2019 முதல், நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் திருநாளை அடுத்த சனிக்கிழமையில் தொடங்குகிறது. அதற்கு முன்பெல்லாம் திங்கட்கிழமைதான் தொடக்க நாள். பருவம் நெருங்கும்போது, ஸ்கோப் என்ற தொலைநோக்கிக் குறிகாட்டி இல்லாமல், அயர்ன் சைட் எனப்படும் சாதாரண உலோகக் குறிகாட்டிகள் மட்டுமே உள்ள, நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் பழைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ காட்டுக்குப் போக விரும்பும் புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, அதை வைத்து எத்தனை யார்டு வரை சுடலாம் என்பது. ஒரு யார்டு என்பது ஒரு மீட்டரைவிடச் சற்றுக் குறைவு. கடைக்காரர் 150 என்பார், உடன் வேலை செய்பவர் 200 என்பார், பக்கத்து வீட்டுப் பெரியவர் 50 என்று சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்வார். மூவரும் அவரவர் அளவில் சரியாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த எண்களில் எதுவும் உங்களுடையது ஆகாது. உங்கள் எண்ணை ஒரு பேப்பர் தட்டை வைத்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம் என்பதால், இங்கே எழுதுவது அமெரிக்காவுக்கு, அதிலும் முக்கியமாகப் பென்சில்வேனியாவுக்கு மட்டுமே பொருந்தும். இம்மாநிலத்தில் முதன்முறையாக உரிமம் பெறுபவர் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். ரைஃபிள் பருவத்தில் தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்ந்து 250 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் ஒளிரும் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும். ஆள் வசிக்கும் கட்டடத்திலிருந்து 150 யார்டுக்குள் அனுமதியின்றிச் சுடக் கூடாது. தானாகத் தோட்டா ஏறும் அரைத் தானியங்கி ரைஃபிள்களுக்கு மான் வேட்டையில் இடமில்லை. நம்மவர்கள் பலருக்கு இவற்றைவிட முக்கியமான செய்தி இன்னொன்று உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியை வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், நண்பரின் ரைஃபிளைச் சுடுதளத்தில் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவு பெறுவதுதான் புத்திசாலித்தனம்.

இனி இலக்கு. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த உயிர்நிலைப் பகுதி, மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே ஏறத்தாழ 8 அங்குல விட்டமுள்ள வட்டமாக இருக்கும். முதுகிலிருந்து மார்படி வரை வளர்ந்த மானின் உடல் 16 அங்குலம் அளவுக்கு இருந்தாலும், அந்த உயரம் முழுவதையும் இலக்காகக் கொள்ளக் கூடாது. வட்டத்துக்குப் பின்னால் பட்டால் குடல், மேலே பட்டால் முதுகுச் சதை, கீழே பட்டால் கால். இந்த மூன்றிலும் மான் ஓடிப்போய் எங்கோ வேதனையுடன் சாகும், அல்லது ஊனத்துடன் பிழைக்கும். ஆகவே, அவசரமும் குளிரும் படபடப்பும் இருக்கும் நேரத்திலும் ஒவ்வொரு முறையும் அந்த 8 அங்குலத்துக்குள் குண்டைப் போட முடிகிற மிகத் தொலைவான இடம் எதுவோ அதுதான் வசதியான தூரம். ஒருமுறை 140 யார்டில் பட்டது என்பது கணக்கில் வராது.

ஸ்கோப்புக்கும் அயர்ன் சைட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். பழைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்களில் குழலின் நுனியில் மணி போன்ற உருண்டை முன் சைட் இருக்கும். அதன் அகலம் பெரும்பாலும் 1/16 அங்குலம் அல்லது 3/32 அங்குலம். 20 அங்குலக் குழல் உள்ள ரைஃபிளைத் தோளில் வைத்தால், கண்ணிலிருந்து அந்த மணி ஏறத்தாழ 30 அங்குலத்தில் இருக்கும். 100 யார்டு என்பது 3,600 அங்குலம், அதாவது மணி இருக்கும் தொலைவைப்போல் 120 மடங்கு. எனவே 1/16 அங்குல மணி 100 யார்டில் ஏழரை அங்குல அகலத்தை மறைக்கும். 3/32 அங்குல மணி 11 அங்குலத்துக்கும் மேல் மறைக்கும். பெரிய மணி உள்ள ரைஃபிளில் 100 யார்டுக்கு முன்பே உயிர்நிலை முழுவதும் மணிக்குப் பின்னால் மறைந்துபோகிறது என்று இதற்குப் பொருள். குறி பார்க்கும் இடமே தெரியாமல் நடுப்பகுதியை மனத்தால் ஊகித்துச் சுட வேண்டியிருக்கும். புதியவர் ஒருவர், தம் ரைஃபிளில் இருப்பது எந்த அளவு மணி என்பதை ஒரு வெர்னியர் அளவுகோலால் அளந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலுள்ள நீளம். குழலின் மேல் பொருத்திய திறந்த பின் சைட் என்றால் இந்த நீளம் 16 அங்குலம் அளவில் இருக்கும். முன் மணி பின் சைட்டின் பள்ளத்தில் 0.01 அங்குலம், அதாவது இரண்டு மூன்று தாள்களின் தடிமன் அளவு விலகி நின்றாலும், 100 யார்டில் குண்டு இரண்டேகால் அங்குலம் தள்ளிப் படும். துளையுள்ள பீப் சைட்டை ரைஃபிளின் பின்பகுதியில், கண்ணுக்கு அருகில் பொருத்தினால் நீளம் 24 அங்குலம் வரை கூடும், அதே தவறு ஒன்றரை அங்குலமாகக் குறையும். பீப் சைட்டின் இன்னொரு நன்மை, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நன்றாகப் புரியும். திறந்த சைட்டில் பின் பள்ளம், முன் மணி, மான் மூன்றையும் கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முயல்கிறது, அது முடியாத காரியம். சிறு துளை வழியாகப் பார்க்கும்போது பின் சைட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை. கேமராவின் துவாரத்தைச் சுருக்கினால் அருகிலிருப்பதும் தொலைவிலிருப்பதும் தெளிவாவதைப் போல, மணியும் மானும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகும். வேட்டைக்குத் துளை பெரிதாக இருக்கட்டும், இலக்குப் போட்டிக்கான ஊசித்துளை காட்டின் மங்கல் வெளிச்சத்தில் உதவாது. புதியவர் வாங்கக்கூடிய ஒரே ஒரு கூடுதல் பொருளைச் சொல்லச் சொன்னால், நான் பீப் சைட்டைத்தான் சொல்வேன்.

தோட்டாவைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. 1895இல் வின்செஸ்டர் 1894 மாடல் ரைஃபிளுக்காக வெளிவந்த .30-30 தோட்டாதான் இவ்வகை ரைஃபிள்களில் இன்றும் பரவலாகக் காணப்படுவது. அதன் 170 கிரெய்ன் (ஏறத்தாழ 11 கிராம்) எடையுள்ள குண்டு விநாடிக்குச் சுமார் 2,200 அடி வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. 100 யார்டுக்குச் சரிசெய்து வைத்தால், 50 யார்டில் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக மேலே படும், 150 யார்டில் மூன்று நான்கு அங்குலம் கீழே இறங்கும், 200 யார்டில் 8 முதல் 10 அங்குலம் வரை விழும். ஆகவே 100 யார்டு வரை தோட்டா உங்களுக்கு எந்தச் சிக்கலையும் தராது, அந்தத் தூரத்துக்குள் நேரும் பிழைகள் கண்ணாலும் கையாலும் வருபவை. வழவழப்பான குழலுள்ள ஷாட்கன்னில், மணி மட்டும் வைத்து, ஸ்லக் எனும் ஒற்றைப் பெரிய குண்டைச் சுடுபவர் 50 யார்டைத் தன் எல்லையாகக் கொள்ளலாம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் சக்கிமுக்கித் துப்பாக்கிப் பருவத்தில் உருண்டைக் குண்டு சுடுபவருக்கும் ஏறத்தாழ அதே கணக்குத்தான். விசையை இழுத்ததற்கும் மருந்து வெடிப்பதற்கும் இடையில் உணரக்கூடிய தாமதம் உண்டு என்பதால், அங்கே கை அசையாமல் நிற்பது இன்னும் முக்கியமாகிறது.

இப்போது ரைஃபிளைச் சரிசெய்யும் வேலை. மேசையில் மணல் மூட்டைகளின் மேல் ரைஃபிளைத் தாங்கி வைத்து, முதலில் 25 யார்டில் மூன்று குண்டுகள் சுடுங்கள். பின் சைட்டை நகர்த்துவதாக இருந்தால் குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும், முன் சைட்டை நகர்த்துவதாக இருந்தால் எதிர்ப்பக்கம். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு: தவறிய அங்குலத்தைச் சைட்டுகளுக்கு இடையிலான நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தை அங்குலமாக்கி அதனால் வகுத்துக்கொள்ளுங்கள். 50 யார்டில் குண்டுகள் 4 அங்குலம் கீழே பட்டு, சைட்டுகளின் இடைநீளம் 16 அங்குலமாக இருந்தால், 4 பெருக்கல் 16 வகுத்தல் 1,800 என்பது 0.036 அங்குலம். பின் சைட்டை அவ்வளவு உயர்த்தினால் போதும், அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு கண்ணளவில் தட்டுபவர்கள் ஒரு பெட்டித் தோட்டாவை வீணாக்குவது இந்தக் கணக்கைப் போடாததால்தான். 25இல் சரியானதும் 50, பிறகு 100 என்று தள்ளிச் செல்லுங்கள். குண்டு மணியின் உச்சியில் படும்படியோ நடுவில் படும்படியோ வைத்துக்கொள்ளலாம், எதுவாயினும் அதையே கடைசி வரை பின்பற்றுங்கள். கறுப்பு வட்டத்துக்கு அடியில் மணியை நிறுத்திச் சுடும் போட்டிக்காரர் முறை மானிடம் பலிக்காது, மானின் மேல் யாரும் கறுப்பு வட்டம் வரைந்து வைத்திருப்பதில்லை.

பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். மேசையிலிருந்து 100 யார்டில் ஐந்து குண்டுகளும் ஒன்பது அங்குலப் பேப்பர் தட்டுக்குள் விழுந்தவுடன், தம் தூரம் 100 யார்டு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாநில வேட்டை நிலத்திலுள்ள சுடுதளத்தில், அருகில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு முதியவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, மேசையைக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவீர்களா என்று கேட்டார். எழுந்து நின்று, எந்தத் தாங்கலும் இல்லாமல் அதே தட்டைச் சுட்டேன். ஐந்தில் இரண்டுதான் பட்டன. ஒன்று தட்டு ஒட்டியிருந்த அட்டையிலேயே இல்லை. மணி இலக்கைச் சுற்றி மெதுவாக எட்டு வடிவத்தில் அலைந்ததும், அது நடுவைக் கடக்கும் கணத்தில் நான் விசையை வெடுக்கென்று இழுத்ததும் இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் தட்டை 50 யார்டுக்கு நகர்த்தி வைக்கச் சொன்னார். அங்கே நான்கு பட்டன. 40இல்தான் ஐந்தும் பட்டன.

அன்று அவர் செய்யச் சொன்னதையே, சில சேர்க்கைகளுடன், சோதனை முறையாகச் சொல்கிறேன். ஓர் அட்டையில் 8 அங்குல வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பேப்பர் தட்டும் போதும், ஆனால் பழுப்பு அட்டையே நல்லது, ஏனெனில் வெள்ளைப் பின்னணியில் மணி தெளிவாகத் தெரிவதுபோல் மானின் தோலில் தெரியாது. காட்டில் நீங்கள் உண்மையில் சுடப்போகும் நிலைகளைப் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள்: தாங்கலின்றி நிற்பது, மரத்தில் சாய்ந்து நிற்பது, ஒரு முழங்கால் ஊன்றி அமர்வது, தரையில் உட்கார்ந்து முழங்கால்களில் முழங்கையைத் தாங்குவது, பரணில் அமர்ந்து அதன் கம்பியில் ரைஃபிளைச் சாய்ப்பது. ஒவ்வொரு நிலைக்கும் 25 யார்டில் தொடங்கி ஐந்து குண்டுகள். ஐந்தும் வட்டத்துக்குள் விழுந்தால் பத்து யார்டு தள்ளுங்கள். ஒன்று வெளியே போனாலும் அந்த நிலையின் எல்லை முந்தைய தூரமே. நான்கு பட்டால் போதாதா என்று கேட்பவர்களிடம், அந்த ஐந்தாவது மானை யார் தேடப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம்.

ஒரே நாளில் இதை முடிக்கக் கூடாது. காட்டில் உங்களுக்குக் கிடைப்பது ஒரே குண்டு, அதுவும் குளிர்ந்த குழலிலிருந்து, தோள் பழகாத நேரத்தில், கையுறையும் தடித்த கோட்டும் அணிந்த நிலையில். எனவே வெவ்வேறு நாட்களில் சுடுதளத்துக்குப் போனவுடன் சுடும் முதல் குண்டை மட்டும் ஒரு தனித் தட்டில் குறித்து வாருங்கள். ஐந்தாறு வருகைகளுக்குப் பின் அந்தத் தட்டு சொல்லும் தூரமே உங்கள் உண்மையான தூரம். வேட்டைக் கோட்டை அணிந்துகொண்டே சுடுங்கள், கோட்டின் தடிமனால் ரைஃபிளின் பின்கட்டை தோளில் சற்று முன்னே நிற்க, தலை வைக்கும் இடமும் மாறிவிடும். அதிர்ச்சிக்குப் பயந்து கண்ணை மூடுகிறீர்களா என்று தெரிய வேண்டுமானால், நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் சில நேரம் போலித் தோட்டாவைப் போடச் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவில் மணி குதித்தால், தூரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பழக்கத்தைத்தான் தீர்க்க வேண்டும்.

இப்படிச் சோதிக்கும் புதியவருக்கு வரும் எண்கள் பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்: தாங்கலின்றி நின்று சுட்டால் 40 முதல் 50 யார்டு, மரத்தில் சாய்ந்தோ முழங்கால் ஊன்றியோ சுட்டால் 60 முதல் 75, உட்கார்ந்து நல்ல தாங்கலுடன் சுட்டால் 100. பீப் சைட்டும் சில ஆண்டுப் பழக்கமும் உள்ளவர் தாங்கலுடன் 125 வரை போகலாம். அதற்கு மேல் அயர்ன் சைட்டில் மானைச் சுடப் புதியவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கிடைத்த எண்ணிலிருந்தும் கால் பங்கைக் கழித்துவிட்டுக் காட்டுக்குப் போங்கள். படபடப்புக்கும் மூச்சிரைப்புக்கும் அந்தக் கழிவு தேவைப்படும். பென்சில்வேனியாவின் காடுகளில் மரங்களே பல இடங்களில் பார்வையை 60, 70 யார்டில் மறித்துவிடுவதால், இந்தக் கட்டுப்பாட்டால் நீங்கள் இழப்பது நினைப்பதைவிடக் குறைவு. மின்கம்பிப் பாதைகளிலும் சோள வயல் ஓரங்களிலும் மட்டும்தான் ஆசை தலைதூக்கும். அப்படிப்பட்ட இடங்களை அயர்ன் சைட்காரர் தேர்ந்தெடுக்காமல், புதர் அடர்ந்த மான் தடங்களையும் ஓடைக் கடவுகளையும் நோக்கி அமர்வது நல்லது.

காட்டில் அமர்ந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை தூரத்தை அளந்து வைப்பது. லேசர் தூரமானி இருந்தால் நாலைந்து மரங்களை அளந்து, உங்கள் எல்லைக்குள் வரும் மரங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், உட்காருவதற்கு முன்பே காலடியால் அளந்துவிட வேண்டும். மான் வந்த பிறகு அளப்பதற்கு நேரம் இருக்காது. அவசரத்துக்கு முன் சைட்டின் மணியே ஓர் அளவுகோலாக உதவும். 3/32 அங்குல மணி, பக்கவாட்டில் நிற்கும் மானின் உடல் உயரத்தில் பாதியை மறைத்தால் அது ஏறத்தாழ 70 யார்டில் நிற்கிறது. முழு உயரத்தையும் மறைத்தால் 140 யார்டைத் தொட்டுவிட்டது, ரைஃபிளை இறக்கிவிடலாம். 1/16 அங்குல மணியானால் பாதி உயரம் மறையும்போதே மான் 100 யார்டைத் தாண்டியிருக்கும். குட்டியாக இருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும், அது அருகில் நின்றாலே மணி பெரிதாகத் தெரியும்.

வெளிச்சம் உங்கள் தூரத்தை நேரத்துக்கு நேரம் மாற்றும். சட்டப்படி சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே சுடலாம் என்றாலும், ஹெம்லாக் மரங்கள் அடர்ந்த பள்ளத்தில் அந்நேரம் பின் சைட்டின் பள்ளமே கண்ணுக்குத் தெரியாது. மங்கல் வெளிச்சத்தில் மணியைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நாம் அறியாமல் அதைப் பள்ளத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறோம், குண்டு மானின் முதுகுக்கு மேலாகப் போகும். பக்கவாட்டு வெயிலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பித்தளை மணியின் வலப்புறம் வெயில் பட்டால் அந்தப் பளபளப்பையே நடு என்று எண்ணி இலக்கில் வைப்போம், குண்டு இடப்புறம் விலகும். மணியின் முகத்தைத் தட்டையாக அரத்தால் தேய்த்தோ, தீக்குச்சிப் புகையில் கறுப்பாக்கியோ இதைக் குறைக்கலாம். எப்படியும், விடியலிலும் அந்தியிலும் உங்கள் எண்ணைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

மான் எல்லைக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது நடந்துகொண்டிருந்தால் நிற்கும் வரை காத்திருங்கள். நேருக்கு நேராகவோ முதுகைக் காட்டியோ நின்றால், 30 யார்டில் நின்றாலும் அது தூரமான மானே, ஏனெனில் அந்த 8 அங்குல வட்டம் அப்போது உங்களுக்குக் கிடைப்பதில்லை. பக்கவாட்டில், அல்லது சற்றே உங்களுக்கு விலகிய கோணத்தில் நிற்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்பதைப் பாருங்கள். தவறிய குண்டு ஒரு மைலுக்கும் அப்பால் செல்ல வல்லது, மேட்டின் உச்சியில் வானத்துக்கு எதிராக நிற்கும் மானைச் சுடவே கூடாது. பிறகு பார்வையை மானிலிருந்து மீட்டு மணியின் மேல் நிறுத்துங்கள். மானின் உருவம் சற்று மங்கலாகத் தெரிவதே சரி. கொம்பை எண்ணிக்கொண்டு சுட்டவர்களின் மணி எங்கே இருந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

சுட்ட பின் அடுத்த தோட்டாவை உடனே ஏற்றிக்கொண்டு, மான் நின்ற இடத்துக்கு அருகிலுள்ள மரத்தையோ பாறையையோ கண்ணால் பற்றிக்கொள்ளுங்கள். ஓடிய திசையையும் பார்த்து வையுங்கள். மான் கண்ணெதிரே விழாவிட்டால் அரை மணி நேரம் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். குடலில் பட்டிருக்கும் என்று சந்தேகம் வந்தால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டுத் துரத்தினால் அது மைல் கணக்கில் போய்விடும். பின்னர் இரத்தத் துளியையும் முடிக்கற்றையையும் தேடிப் போகும்போது, நீங்கள் அமர்ந்திருந்த மரத்திலிருந்து மான் நின்ற இடம் வரை அடி எண்ணிக்கொண்டே நடங்கள். 70 யார்டு என்று நீங்கள் உறுதியாக நம்பியது எண்ணிப் பார்த்தால் 50 ஆகவோ 95 ஆகவோ இருக்கும். அந்த எண்ணையும், எந்த நிலையில் சுட்டீர்கள், வெளிச்சம் எப்படி இருந்தது, குண்டு எங்கே பட்டது என்பதையும் அன்றிரவே தட்டின் பின்புறத்தில் எழுதி வையுங்கள்.